மலை சைக்கிளில் கை வலி: எந்த விரல் என்று பார்த்து எங்கே திருகுவது

கை வலிக்கிறது என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வருகிறவர்கள், வரும்போதே புது ஜெல் கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கிரிப்பையும் மாற்றியிருப்பார்கள். வலி மட்டும் பழையதாகவே இருக்கும்.

சேலத்தில் பல வருஷமாக எம்.டி.பி., அதாவது மலை சைக்கிள், ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் ஏற்காடு அடிவாரம், இல்லையென்றால் ஏரிக்கரை மண்பாதை. கடை வைத்திருப்பவன் இல்லை, டாக்டரும் இல்லை. என் கை மரத்து, நண்பர்கள் கை மரத்து, ஒவ்வொரு சைக்கிளாகத் திருகிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: கை வலிக்கு மருந்து பெரும்பாலும் சீட்டில்தான் இருக்கிறது. உடம்பின் எடை இடுப்பிலும் காலிலும் இறங்க வேண்டும். அது முன்னால் சரிந்துவிட்டால் இரண்டு உள்ளங்கையும் தூண் மாதிரி நின்று தாங்க வேண்டியதுதான். தூணுக்குத் தைலம் தடவி என்ன பிரயோஜனம்?

எந்த விரல் மரக்கிறது, எந்த இடம் வலிக்கிறது, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே அதற்கான பகுதிக்குப் போங்கள். ஆனால் யாராக இருந்தாலும் சுண்டுவிரல் பகுதியில் இருக்கும் சீட் சமாச்சாரத்தைப் படிக்காமல் தாண்ட வேண்டாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

4, 5, 6 மி.மீ. ஆலன் கீ (ஆறுபட்டை முனை கொண்ட எல் வடிவச் சாவி), பிரேக் லீவருக்கு 2 அல்லது 2.5 மி.மீ. சின்னது ஒன்று, இன்ச் டேப், கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம், நூலில் கட்டிய ஒரு நட்டு. ரசமட்டம் இல்லையென்றால் மொபைலில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதி போதும். கூடவே எலக்ட்ரிகல் டேப் ஒரு சுருள்.

அந்த டேப்தான் முக்கியம். எதைத் தளர்த்தும் முன்னும் அது இப்போது இருக்கும் இடத்தில் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள்: சீட் போஸ்ட்டில் ஒன்று, சீட் கம்பியில் ஒன்று, ஹேண்டில்பாரில் லீவர் பக்கத்தில் ஒன்று. பழைய நிலைக்குத் திரும்ப வழி இல்லாமல் திருகினால் நான்காவது நாள் சைக்கிள் யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு எப்போதும் போகும் அதே பாதையில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். தெருவில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்பது கணக்கில் வராது, ஏனென்றால் கை மரக்கவே பலருக்கு அரை மணி ஆகும்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன

அதிகம் பேர் சொல்வது இதைத்தான். ஏற்காடு ஏறி இறங்கி வந்த வங்கி நண்பர் ஒருவர் அடிவாரத்து டீக்கடையில் டம்ளரை வாங்கி, உடனே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சுண்டுவெரலு இருக்கான்னே தெரியலைங்ணா" என்றார். தொட்டுப் பார்த்தால் தெரிகிறது, ஆனால் துணிக்கு மேல் தொடுவது போல் இருக்கிறதாம்.

மணிக்கட்டுக்கு அருகே, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டில், அல்னார் நரம்பு ஒரு குறுகலான சந்து வழியாகப் போகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தது போல் இருக்குமே, அதே நரம்புதான். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி கொடுப்பது இது. அந்த மேட்டில் உடம்பின் பாரம் உட்கார்ந்து அமுக்கினால் இரண்டு விரலும் மரக்கும். சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் இது அவ்வளவு சகஜம் என்பதால், ஆங்கில மருத்துவத்தில் ஹேண்டில்பார் பெயரிலேயே இதற்கு ஒரு பெயர் உண்டு.

முதலில் பாரம் கையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். வண்டி வராத சமதளமான ரோட்டில், சாதாரண வேகத்தில் பெடல் மிதித்துக்கொண்டே, விரல் நுனி மட்டும் கிரிப்பில் படும்படி கையைத் தளர்த்துங்கள். முழுதாக விட வேண்டாம். இரண்டு மூன்று விநாடி உடம்பு அப்படியே நின்றால் சரி. தளர்த்திய உடனே நெஞ்சு முன்னால் விழப் பார்த்தால், இத்தனை நாளும் உங்களைத் தாங்கியது கைதான்.

இப்போது சீட். சைக்கிளைச் சமமான தரையில் சுவரோடு நேராக நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் சீட் ஒரு சறுக்கு மரம். வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், உங்களுக்கே தெரியாமல் கை பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். வங்கி நண்பரின் சீட்டில் குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஏன் இப்படி வைத்தீர்கள் என்று கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கினார். தொடையிடுக்கில் மரத்துப்போகிறது என்று சொன்னதற்குக் கடைக்காரர் மூக்கைச் சாய்த்துக் கொடுத்தாராம். அங்கே மரப்பது நின்று இங்கே மரக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பிரச்சினைக்கு வைத்தியம், சீட்டைச் சற்று இறக்குவதும் உட்காரும் எலும்புக்கு ஏற்ற அகலத்தில் சீட் வாங்குவதும்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். பின்னால் ஷாக் இல்லாத சைக்கிளில் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் வைத்த இரட்டைத் தூண், அமுங்கும். 20 மி.மீ. அமுங்கினால் சைக்கிள் முழுவதும் ஏறக்குறைய 1 டிகிரி முன்னால் சாயும். அதனால் ஆள் ஏறாதபோது மட்டமாக இருந்த சீட், ஆள் ஏறியதும் கொஞ்சம் மூக்கு தாழ்ந்திருக்கும். மட்டமாக வைத்தும் வழுக்குகிறது என்றால் மூக்கை ஒரு இம்மி தூக்கிப் பாருங்கள். ஒரு இம்மிதான். அதற்கு மேல் போனால் வேறு இடத்தில் திட்டு வாங்குவீர்கள்.

அடுத்தது சீட் முன்னால் பின்னால் இருக்கும் இடம். இங்கேதான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஹேண்டில்பார் எட்டாத மாதிரி இருக்கிறது, கை வலிக்கிறது, அதனால் சீட்டை முன்னால் தள்ளுகிறார்கள். வலி கூடும். கிணற்றில் வாளி இறைக்கும்போது இடுப்பைப் பின்னால் தள்ளித்தானே குனிகிறோம்? இடுப்பு பின்னால் போனால்தான் முன்னால் குனிந்த நெஞ்சுக்கு எதிர்ப்பாரம் கிடைக்கும். சீட் முன்னால் வந்தால் அந்த எதிர்ப்பாரம் போய்விடும், மிச்சம் கையில் விழும்.

பெடல் இரண்டும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் காலின் முட்டிச் சில்லுக்குக் கீழே தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து நட்டு கட்டிய நூலைத் தொங்க விடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது, பிள்ளைகளைக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். நூல் பெடலின் அச்சுக்கு மேலோ சற்றுப் பின்னாலோ விழ வேண்டும். இது வேத வாக்கு இல்லை, தொடங்குவதற்கு ஒரு கோடு. அச்சைத் தாண்டி முன்னால் விழுந்தால், சீட் கிளாம்ப்பைத் தளர்த்தி 5 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். கம்பியில் அளவுக்கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது. பின்னால் தள்ளும்போது பெடலிலிருந்து சீட்டுக்கு உள்ள தூரமும் கூடும், அதனால் உயரத்தை ஓரிரு மி.மீ. இறக்கிக்கொள்ளுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தும்போது சாய்வும் கலையும். ரசமட்டத்தை மறுபடி வைக்க மறக்க வேண்டாம்.

உயரத்துக்குப் பழைய முறையே போதும்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் சீட் உயரம் அதிகம். உயரமான சீட் என்றால் ஹேண்டில்பார் தாழ்வு என்று அர்த்தம், அதுவும் பாரத்தைக் கைக்கு அனுப்பும்.

நண்பருக்கு இந்த மூன்றிலேயே முக்கால்வாசி தீர்ந்தது. காசு செலவில்லை.

மிச்சத்துக்கு ஹேண்டில்பாரைத் தூக்க வேண்டும். ஹேண்டில்பாரை ஃபோர்க் குழாயோடு சேர்த்துப் பிடித்திருக்கும் குட்டைத் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். உங்கள் சைக்கிளில் ஸ்டெம்முக்குக் கீழே வளையம் வளையமாக ஸ்பேசர் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருந்தால் அதிர்ஷ்டம். அவற்றை எடுத்துக் கீழே போட்டால் ஹேண்டில்பார் ஏறும். மேலே உள்ள மூடியின் போல்ட்டைக் கழற்றி, ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்தி, ஸ்டெம்மை உருவி, ஸ்பேசரை இடம் மாற்றுங்கள். திரும்பப் போடும்போது வரிசை முக்கியம். முதலில் மேல் மூடியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். பிறகு முன் சக்கரத்தோடு ஸ்டெம்மை நேர் பார்த்து, கடைசியில் பக்கவாட்டு போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பெரும்பாலான ஸ்டெம்களில் இறுக்கும் அளவு அச்சிட்டிருக்கும், 5 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரம். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் கீ இல்லையென்றால் ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இறுக்குங்கள். நீளப் பக்கத்தில் முழு பலத்தையும் போட்டு மரையைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் நான்தான்.

முடித்ததும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஸ்டெம்முக்குக் கீழே "டக் டக்" என்றால் மேல் மூடி தளர்வு. ஹேண்டில் திரும்ப அடம் பிடித்தால் இறுக்கம் அதிகம்.

ஸ்பேசரே இல்லை, ஃபோர்க் குழாயைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள் என்றால் ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். கீழ்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம் மேல்நோக்கிச் சாயும். அதுவும் போதாவிட்டால் 20 முதல் 40 மி.மீ. உயரம் கொடுக்கும் ரைசர் ஹேண்டில்பார் வாங்கலாம். வாங்கும் முன் நடுப்பகுதியின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், 25.4, 31.8, 35 மி.மீ. என்று மூன்று வகை உண்டு, ஒன்றுக்கு ஒன்று சேராது. உயர்த்தும்போது பிரேக் ஹோஸும் கேபிளும் இழுபடாமல் ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

பழைய மாடல் சைக்கிள்களில் ஸ்டெம் குழாய்க்குள் இறங்கியிருக்கும், மேலே ஒரே போல்ட். அதை நாலைந்து சுற்று தளர்த்தி, போல்ட் தலையில் கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடும். பிறகு மேலே இழுக்கலாம். குறைந்தபட்ச ஆழத்துக்கான கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் ஓடும்போது ஹேண்டில் கையோடு வந்துவிடும். நான் மிகைப்படுத்தவில்லை.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரக்கின்றன

இது வேறு நரம்பு. மீடியன் நரம்பு மணிக்கட்டின் நடுவில் ஒரு சுரங்கம் போன்ற வழியில் போகிறது. மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்தபடியே இருந்தால் அந்தச் சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறும். இங்கே குற்றவாளி பெரும்பாலும் பிரேக் லீவர்.

சீட்டில் உட்கார்ந்து கிரிப்பைப் பிடித்து, ஆள்காட்டி விரலை லீவர் மேல் வையுங்கள். பக்கவாட்டில் இருந்து யாராவது மொபைலில் ஒரு போட்டோ எடுக்கட்டும். முழங்கையிலிருந்து விரல் கணு வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். பல புது சைக்கிள்களில் லீவர் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்க விரல் மேலே ஏற வேண்டும், விரல் ஏறினால் மணிக்கட்டு இறங்கும். லீவர் கிளாம்ப்பின் போல்ட்டை, கை பலத்தில் லீவர் திரும்பும் அளவுக்குத் தளர்த்தி, கீழ்நோக்கி 30 டிகிரி வாக்கில் வைத்துத் தொடங்குங்கள். செங்குத்தான மண் இறக்கத்தில் இடுப்பைப் பின்னால் தள்ளி இறங்குகிறவர்களுக்கு இன்னும் மட்டமாக வேண்டும். உட்கார்ந்தே நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இன்னும் தாழ்வாக. உங்கள் வழக்கம் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன உபாயம்: இந்த போல்ட்டைக் கடைசிவரை இறுக்காமல், பலமாக அடித்தால் திரும்பும் அளவுக்கு விடுங்கள். விழுந்தால் லீவர் சுழன்றுகொள்ளும், உடையாது.

லீவரைச் சரி செய்தும் கட்டைவிரல் பக்கம் மரக்கிறது என்றால் கிரிப்பின் பருமனைப் பாருங்கள். கிரிப்பைச் சுற்றிப் பிடிக்கும்போது நடுவிரல் நுனி கட்டைவிரல் மேட்டை லேசாகத் தொட வேண்டும். விரல் நகம் உள்ளங்கையில் குத்தினால் கிரிப் மெல்லியது. நுனி எட்டவே இல்லை என்றால் தடிமன், பிடி விடாமல் இருக்க இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். சின்னக் கை உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், கடையோடு வரும் தடித்த கிரிப்பே பாதி நோய்.

மணிக்கட்டின் ஓரம் வலிக்கிறது, மரக்கவில்லை

இது ஹேண்டில்பாரின் வளைவு. எம்.டி.பி. ஹேண்டில்பார் நேர்க்கம்பி மாதிரி தெரிந்தாலும் இரண்டு முனையும் 7 முதல் 9 டிகிரி வரை பின்னால் வளைந்திருக்கும். அசெம்பிள் செய்யும்போது அதை முன்னால் உருட்டிவிட்டால் அந்த வளைவு வீணாகி, கை வெளிப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். ஸ்டெம்மின் முகப்பு போல்ட் நான்கையும் தளர்த்தி, ஹேண்டில்பாரைச் சில டிகிரி உங்களை நோக்கி உருட்டிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு, அப்படியே தூக்கிப் பிடித்தால் உள்ளங்கை எந்தக் கோணத்தில் வருகிறதோ அந்தக் கோணம்தான் சரி. இறுக்கும்போது நான்கு போல்ட்டையும் பெருக்கல் குறி போல எதிரெதிராக இறுக்குங்கள்.

அகலமும் ஒரு காரணம். இப்போது 760, 780 மி.மீ. ஹேண்டில்பார் சர்வசாதாரணம். ஆறடி ஆளுக்குச் சரி. ஐந்தடி மூன்று அங்குல ஆளுக்குக் கழுகு சிறகு விரித்த மாதிரி ஆகிவிடும், மணிக்கட்டு உள்பக்கம் மடியும். முனையை வெட்டிக் குறைக்கலாம். வெட்டும் முன் கிரிப், லீவர், கியர் மாற்றும் ஷிஃப்டர் மூன்றையும் உள்ளே நகர்த்தி, கம்பி முனையை வெளியே விட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் பக்கத்துக்கு 5 மி.மீ. வீதம் வெட்டுங்கள். வெட்டிய கம்பி வளராது. முனை மூடி போடாமல் ஓட்ட வேண்டாம், வெறும் குழாய் விழும்போது வயிற்றில் வட்டமாகப் பதியும்.

இறக்கத்தில் முன்கை கல்லாகிறது

ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது முன்கை இறுகி விரலை விரிக்க முடியவில்லை என்பது தனிக் கதை. ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. மேலிருந்து கீழே வரை பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் யாருக்கும் கல்லாகும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, நேர்ப்பாதையில் விரலுக்கு மூச்சு விடக் கொடுக்க வேண்டும்.

அப்படிச் செய்தும் தீரவில்லையா? லீவர் கிரிப்புக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விரல் நுனியால்தான் எட்ட முடிகிறது என்றால் பலம் முழுவதும் வீண். லீவர் முளைக்குப் பக்கத்தில் சின்ன திருகு ஒன்று இருக்கும், 2 அல்லது 2.5 மி.மீ. ஆலன் கீ போகும். திருகினால் லீவர் உள்ளே வரும். விரலின் முதல் கணு லீவர் மேல் படிந்தால் போதும். அதோடு, லீவர் கிளாம்ப்பைக் கிரிப்பிலிருந்து உள்பக்கமாக நகர்த்தி, ஆள்காட்டி விரல் லீவரின் நுனி வளைவில் உட்காரும்படி வையுங்கள். நெம்புகோலின் நுனியைப் பிடித்தால் ஒரு விரலே போதும், மற்ற மூன்றும் கிரிப்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு விரல், மூன்று விரல் போட்டு பிரேக் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் லீவரின் நடுவை நசுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று: பிரேக்கே சரியாகப் பிடிக்காதது. நானே ஒரு மழைக்காலம் முழுவதும் முன்கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். காரணம் வெறும் ஸ்ப்ரே. செயினுக்கு எண்ணெய் அடிக்கும்போது பின் டிஸ்க்கில் தெறித்திருக்கிறது. டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேட் எண்ணெய் குடித்துவிட்டது. நானும் அறியாமல் இரண்டு பங்கு பலம் போட்டு லீவரை நசுக்கிக்கொண்டிருந்தேன். டிஸ்க்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, பேட் புதிதாக மாற்றி, ஆள் இல்லாத ரோட்டில் இருபது முறை வேகமாகப் போய்ப் பிடித்துப் பழக்கியதும் ஒத்தடம் நின்றது. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் என்றால் உள்கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிளும் உறையும் சேர்த்து மாற்ற அதிகச் செலவில்லை, லீவர் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும்.

கட்டைவிரல் அடியில் சுருக்கென்கிறது

கியர் மாற்றும்போது மட்டும் வலித்தால் ஷிஃப்டர் இடம் தவறு. கட்டைவிரல் மடங்காமல், நீட்டாமல், நேராகப் போய் அமுக்கும் இடத்துக்கு அதை நகர்த்திச் சுழற்றுங்கள். அமுக்க மொரமொரப்பாக இருந்தால் கேபிளும் உறையும் மாற்ற வேண்டிய நேரம். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தால் கட்டைவிரல் அடியில் உயிர் போகிறதா? தசைநாணின் உறை வீங்கியிருக்கலாம். அதற்கு ஆலன் கீ உதவாது, ஓய்வும் டாக்டரும்தான். மொபைலில் கட்டைவிரலால் மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டிருப்பதையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உள்ளங்கை எரிகிறது, கொப்புளிக்கிறது

கிரிப் தேய்ந்து பளபளத்துவிட்டது, அல்லது கம்பியில் சுழல்கிறது. மாற்றுங்கள். போல்ட் வைத்து இறுக்கும் வகையே நல்லது. கிளவுஸ் வாங்கினால் மெத்தை குறைவாக இருப்பதாகப் பாருங்கள். தடித்த ஜெல் மடிந்து சுருண்டு, எந்த நரம்பைக் காக்க வேண்டுமோ அதன் மேலேயே ஒரு கட்டியாக உட்காரும். உள்ளங்கை அடியைத் தாங்க இறக்கை போல் விரிந்த கிரிப் நல்ல பொருள்தான். ஆனால் அதை மட்டமாக வைத்துத் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். மேலே தூக்கியிருந்தால் அதுவே குத்தும்.

விரல் தனியாகச் சொல்ல முடியவில்லை, கை முழுவதும் அதிர்கிறது

காற்று. பஞ்சர் கடை அண்ணன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கருங்கல் மாதிரி ஆனபிறகுதான் குழாயை எடுப்பார். அந்தக் காலச் சைக்கிளுக்கு அது சரி. எம்.டி.பி. டயர்தான் உங்கள் முதல் ஷாக். டயரின் பக்கவாட்டில் குறைந்த அளவும் கூடிய அளவும் அச்சிட்டிருக்கும், அந்தக் குறைந்த அளவுக்குப் பக்கத்தில் வையுங்கள். 2.2 அங்குல டயர், டியூபோடு, 70 கிலோ ஆள் என்றால் மண்பாதைக்கு 28 முதல் 32 பி.எஸ்.ஐ. சுகமாக இருக்கும். பின் டயருக்கு இரண்டு மூன்று கூட. கல்லில் மோதும்போது ரிம் தட்டுகிறது என்றால் கொஞ்சம் ஏற்றுங்கள். மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்று வாங்கிவிட்டால் இந்த விஷயத்தில் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

அடுத்தது ஃபோர்க். ஃபோர்க் அமுங்காமல் பூட்டும் லாக்கைப் போட்டே ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் சிரிப்பு வரும். வலது தூணின் மேல் இருக்கும் குமிழைப் பாருங்கள். லாக் இல்லையென்றால், ஃபோர்க்கின் பளபளப்பான தண்டில் ஒரு ஜிப் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) கட்டி, அடிவரை தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல ஏறி உட்கார்ந்து மெல்ல இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் டை 20 மி.மீ. மேலே ஏறியிருக்க வேண்டும், 25 வரை போகலாம். 5 மி.மீ.தான் ஏறியது என்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கெட்டி. காற்று ஃபோர்க் என்றால் ஷாக் பம்பில் அழுத்தம் குறைக்கலாம். விலை குறைந்த சைக்கிள்களில் உள்ளே கம்பிச் சுருள்தான், இடது பக்கக் குமிழைக் கழித்தல் பக்கம் முழுதாகத் திருப்புவதோடு சரி. 50 கிலோ ஆளுக்கு அந்தச் சுருள் அசையவே அசையாது. அவர்கள் டயர் காற்றில்தான் சுகம் தேட வேண்டும்.

ஒரு கை மட்டும்

சைக்கிளுக்கு முன்னால் நின்று, சக்கரத்தை முழங்கால் இடையில் வைத்து, ஹேண்டில்பார் சக்கரத்துக்குக் குறுக்காக நேராக நிற்கிறதா பாருங்கள். ஒருமுறை விழுந்திருந்தால் கோணலாகியிருக்கும், நாமும் அதற்கே பழகியிருப்போம். சீட்டின் மூக்கு நேராக இருக்கிறதா, இரண்டு லீவரும் ஒரே கோணத்தில் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்பதையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஆலன் கீயைக் கீழே வைக்க வேண்டிய நேரம்

சைக்கிளை விட்டு இறங்கிச் சில நிமிஷத்தில் தெளியும் மரப்பு வேறு, மறுநாளும் நிற்கும் மரப்பு வேறு. நண்பருக்கு அன்று இரவும் தெளியவில்லை. மறுநாள் வங்கியில் நோட்டுக் கட்டைப் புரட்டும்போது விரல் தடுமாறியிருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு மற்றவரை இழுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனியை மடக்கினால்தான் தாள் நிற்கிறது என்றால் நரம்பு பலவீனமாகியிருக்கிறது, நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நண்பர் பார்த்தார். சில வாரம் சைக்கிளைத் தொடவில்லை. நரம்பு அதன் வேகத்தில்தான் தேறும், அவசரப்படுத்த வழி இல்லை.

சைக்கிள் ஓட்டாத நாளிலும், இரவில் தூக்கத்திலும் இரண்டு கையும் மரக்கிறது என்றால் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது.

விழும்போது கையை ஊன்றியிருந்தால் இந்தக் கட்டுரையையே ஓரமாக வையுங்கள். கட்டைவிரலை நன்றாகத் தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், ஒரு குழி தெரியும். அந்தக் குழியில் அமுக்கினால் வலிக்கிறது என்றால் உள்ளே இருக்கும் சின்ன எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். ஸ்கேஃபாய்டு என்பார்கள். ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு, தானாகச் சேர நேரமாகும், சில சமயம் சேராது. முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகும். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லை" என்று சொன்ன பிறகும் பத்துப் பதினைந்து நாளில் அதே குழியில் அதே வலி இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை சைக்கிள் சுவரில் சாய்ந்தே இருக்கட்டும்.